கோடி கொண்டு வராத தாய்மாமன்

நம் பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் எடிட்டிங் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கே தெரியும். அடுத்தவர் எழுதியதை வெட்டியே காலம் தள்ளியவள், ஓய்வு பெற்ற பிறகு என்னை வெட்ட யாரும் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஒற்று எங்கே மிகும், கமா எங்கே போட வேண்டும் என்பதையெல்லாம் கிரேஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கம் வடிவமைக்க என்று சேர்ந்து, என்னைவிட அதிகப் பிழை கண்டுபிடித்தவர் அவர். அதை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார்.

நமக்கு வரும் நாவல்களில் முக்கால்வாசி வெளிநாட்டிலிருந்து வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, டொரண்டோவிலும் துபாயிலும் வீடு வாங்கி, மனசை மட்டும் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போனவர்கள் எழுதுவது. தேனியில் புத்தகம் வந்தால்தான் ஊர் படிக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஊர் படிக்கிறதோ இல்லையோ, யார் யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று மட்டும் கட்டாயம் பார்க்கும்.

இந்த நாவல்களின் வழித்தடம் உங்களுக்குச் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும். முதல் அத்தியாயத்தில் விமான நிலையம். அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய்ப் பாட்டிலை ஓர் அதிகாரி முகர்ந்து பார்ப்பார். அடுத்து பனி கொட்டும். அதற்கடுத்து ரசம் கொதிக்கும். நடுவில் எங்கேயாவது பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்ல, அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் சிரிக்காதீர்கள். அவர்கள் அழுதுகொண்டே எழுதியிருப்பார்கள்.

நார்வேயிலிருந்து ஒரு பண்ணைப்புரத்துக்காரர் அனுப்பிய நாவலில் கருவாட்டுக் குழம்பு மட்டும் பக்கம் பக்கமாகக் கொதித்தது. அதை அரைப் பக்கமாகச் சுண்ட வைத்து அனுப்பினேன். "கதாநாயகனை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள், குழம்பில் கை வைக்காதீர்கள்" என்று மெயில் வந்தது. ஆபீஸே சிரித்தது. பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நாற்றம் போகக் கூடாது என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அந்தக் கதாநாயகன் குழம்பு வைக்கிறான். ஊரிலிருந்து அண்ணன் போனில் பக்குவம் சொல்கிறான். நாவல் முழுக்க அந்த அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது அந்த ஒரு இடத்தில்தான். குழம்பை முழுசாகத் திருப்பி ஊற்றினேன். வெளிநாட்டு நாவலில் சாப்பாடு அதிகமாக இருக்கிறது என்று தோன்றினால், அடுப்படியில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் கத்தியை எடுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நித்யா என்று ஒரு பெண். சின்னமனூரில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வேலைக்காகக் குடும்பத்தோடு டொரண்டோ போனவள். முதல் போனிலேயே என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு என் வயதைக் காட்டிக்கொடுத்தவள். தன் குடும்பக் கதையைத் தமிழில் நாவலாக எழுதியிருந்தாள். விமான நிலையமும் பனியும் ரசமும் இருந்தன, ஆனால் நன்றாக இருந்தன.

அதில் வரும் அம்மா, அவளுடைய அம்மா ஈஸ்வரிதான். மாமா, அவளுடைய தாய்மாமன் தங்கவேல்தான். அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். பெயரைத்தான் மாற்றியிருந்தாளே தவிர, ஆளை அப்படியே வைத்திருந்தாள். நித்யா காலேஜில் படிக்கும்போது தங்கவேல் தன் மகனுக்கு அவளைக் கேட்டிருக்கிறார். தாய்மாமன் மகன், முறை உண்டு, கேட்கிற உரிமையும் உண்டு. "அது படிக்கட்டும்ணே" என்று ஈஸ்வரி போனில் சொல்லியிருக்கிறாள். மண்ணில் நிற்கிற பையன் என்பதால் வேண்டாம் என்கிறாள் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. அந்த மகன் வேறு பெண்ணைக் கட்டி, அவன் பிள்ளைகள் உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாப்பிள்ளையாக வேண்டியவனே மறந்துபோன விஷயத்தை மாமன் மட்டும் விடாமல் பிடித்து வைத்திருந்தார்.

நாவலின் கடைசியில் அம்மா டொரண்டோவில் இறந்துபோகிறாள். உங்கள் மூவரில் சென்னையிலிருந்து வந்திருக்கும் தம்பிக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். அதற்குப் பெயர் கோடி. அண்ணன் தம்பிமார் கொண்டு வந்து போர்த்திய பிறகுதான் உடலை எடுப்பார்கள். எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும், சொத்துக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றாலும், கோடி வரும். ஒரு பெண் இந்த வீட்டில் பிறந்தவள் என்று ஊர் அறியச் சொல்கிற கடைசி வார்த்தை அது. கோடி வராத சாவு என்றால் அவளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஆகிவிடும்.

நித்யா முதலில் எழுதி அனுப்பியதில் மாமா விமானம் ஏறி, கோடியோடு டொரண்டோ போய் இறங்கியிருந்தார். பனியில் வேட்டியோடு நின்று அழுதார். ஓரத்தில் "நம்பும்படி இல்லை" என்று எழுதி அனுப்பினேன். அடுத்து வந்ததில் அவர் வரவில்லை. மகள் போன் பண்ணி விஷயத்தைச் சொல்கிறாள், மறுமுனையில் ஒரு வார்த்தையும் இல்லாமல் போன் வைக்கப்படுகிறது. அவளே ஒரு தமிழ்க் கடையில் சேலை எடுத்து, அம்மாவின் மேல் போர்த்தி, "மாமா அனுப்பினாங்கம்மா" என்று பொய் சொல்கிறாள். இறந்தவளிடம் சொல்கிற அந்தப் பொய்யைப் படித்துவிட்டு மேஜையிலேயே அழுதேன். கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறீர்களா என்று கேட்டார் கிரேஸ். நான் எழுதிய ஒரு வரியால் ஒரு பெண் எப்படித் தேறிவிட்டாள் பாருங்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பெருமை அடித்தேன்.

வெளியீட்டு விழாவைத் தேனியில் வைக்க வேண்டும் என்று நித்யா பிடிவாதமாக இருந்தாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இருவரும் லாட்ஜில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் நம் ஆபீசுக்கு வந்துவிடுவார்கள். ஈஸ்வரி வாய் நிறையப் பேசுகிற பெண். ஏசி இருக்கிறது என்று கிரேஸின் உள்ளறையிலேயே உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டரில் பக்கங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். அனுமந்தன்பட்டி எவ்வளவு தூரம் என்று கேட்டால், "அது கெடக்கு" என்பாள். ஆனால் அந்தப் பெண் எதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும், டீ கொண்டு வருபவருக்கும் தெரியும். உடம்பு முன்னைப்போல இல்லை, அடுத்த தடவை டாக்டர் விமானம் ஏற விடுவாரோ என்னவோ என்று நித்யா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அண்ணனைப் பார்க்காமல் போனால் அப்புறம் பார்க்கவே முடியாது.

அச்சகத்துக்கு "அடிக்கலாம்" என்று சொல்ல வேண்டிய நாள். கடைசி புரூஃபை வைத்துக்கொண்டு நானும் நித்யாவும் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே ரோட்டில் வாழைத்தார் லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. எட்டிப் பார்த்தால் ஒரு ஜீப் ரோட்டை மறித்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கியவர் படியேறி வந்தார். கையில் கற்றையாகச் சுருட்டிய தாள்கள். நம் புரூஃப் தாள்கள். கிரேஸ் போடும் பக்க எண் எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

"எவ அது, என்னையப் பத்தி எழுதுனவ?"

சின்ன வயதில் பார்த்ததோடு சரி, ஆனாலும் நித்யாவுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். அந்தப் பதற்றத்தில் அவள் வாயில் வந்தது, "ஹாய் மாமா."

தங்கவேல் ஒரு நிமிஷம் திகைத்துப்போனார். வாழ்க்கையில் யாரும் அவரை அப்படி வரவேற்றிருக்க மாட்டார்கள். ஆனால் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார்.

"ஹாயா? நீயாத்தா ஈஸ்வரி மக? என்னையப் பத்தி ஊரெல்லாம் படிக்க எழுதி வச்சிருக்கியே, நான் என்ன பாவம் பண்ணேன் ஒனக்கு?"

"மாமா, அது நீங்க இல்ல மாமா. அது ஒரு கேரக்டர்."

"என் கேரக்டர் சரியில்லைங்கிறியா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இப்படி ஒருநாள் உங்களுக்கும் வரும். ஒருவர் புத்தகத்தில் தன்னைப் பார்த்துவிட்டுப் படியேறி வருவார். அப்போது உங்கள் வாயில் மூன்று வார்த்தைகள் தயாராக இருக்கும்: அது நீங்கள் இல்லை, அது கற்பனை, அது இலக்கியம். மூன்றையும் விழுங்கிவிடுங்கள். ஏனென்றால் அது அவர்தான்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது பதிப்பகம் இல்லை. கல்யாணமான புதிதில் போடி பஜாரில் மாமனாரின் துணிக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். தீபாவளி முடிந்த மறுநாள் சேலையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு ஆள் வரும். எங்கள் கடைத் துணியா இப்படி என்று மாமனார் ஒருநாளும் கேட்டதில்லை. "எந்த இடத்துல, காட்டுங்க" என்பார். சேலையை விரித்து அந்த இடத்தைத் தேடுவதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். இறங்காத பாதி நியாயமான கோபம், அதற்கு வேறு சேலை கொடுப்பார்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்கண்ணே. எந்தப் பக்கம்?"

"என்ன?"

"எந்தப் பக்கத்துல தப்பு இருக்கு? காட்டுங்க, பாப்போம்."

சண்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள். யாரோ சொல்லக் கேட்டு வந்திருப்பார்கள். இவர் படித்திருந்தார். முழுசாகப் படித்து, மூலை மடித்து வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பினார்.

"இங்கன பாருங்க தாயி. மீசைக்கு மை அடிப்பேன்னு போட்டிருக்கா."

மீசையைப் பார்த்தேன். காக்கா கறுப்பு. "எடுத்துரட்டுமாண்ணே?"

மீசையைத் தடவிக்கொண்டார். "அது கெடக்கட்டும். இங்கன, எனக்குத் தொந்தின்னு எழுதியிருக்கா."

அவரே குனிந்து பார்த்துக்கொண்டார். "அதுவும் கெடக்கட்டும். நாய்க்குப் பேரு மணின்னு போட்டிருக்கா. நான் வச்ச பேரு ராசா."

நித்யா சட்டென்று பேனாவை எடுத்து மணியை அடித்து ராசா என்று எழுதினாள். அந்த அவசரத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நம் தொழிலில் ஆசிரியர் ஒருவர் இவ்வளவு சீக்கிரம் திருத்தத்துக்கு ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

இப்படியே பக்கங்கள் போயின. அவர் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது. பெண் கேட்ட கதை வரும் அத்தியாயத்தைக்கூட மடித்து வைத்திருந்தார். ஆனால் அதைக் காட்டாமல் ஒதுக்கினார். கடைசித் தாள்களுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மறுபடி மாட்டினார். வாசிக்க வரவில்லை.

"பேச்சுவார்த்தை இல்லதேன்," என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே. "ஒத்துக்கிறேன். போன் பண்ணல, கேட்கல, எல்லாம் என் வீம்புதேன். அதுக்காக... என் கூடப்பொறந்தவளுக்குக் கோடி கொண்டு போகாம இருந்துருவேனா? போனை வச்சுருவேனாத்தா நான்?"

அவர் அழுதார். நித்யாவும் அழுதாள். "மாத்திர்றேன் மாமா. இப்பவே மாத்திர்றேன். நீங்க ப்ளேன்ல வர்ற மாதிரி முன்னாடியே எழுதி வச்சிருக்கேன், அதையே போட்டுறலாம்."

"மாத்திரு. இல்லேன்னா அந்த விழாவுல மேடைக்கு முன்னால வந்து நிப்பேன், சொல்லிப்புட்டேன்."

அச்சகத்திலிருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறது. எதிரே இரண்டு பேர் அழுகிறார்கள். மாற்றுகிற பக்கங்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகலாம். உள்ளுக்குள் எனக்கு வேறு ஒரு ஆத்திரமும் ஓடியது. புரூஃப் எப்படி வெளியே போனது? உள்ளறையில் இருக்கும் கிரேஸைத் தவிர அதை யார் கொடுத்திருக்க முடியும்? எழுந்து போய் நாலு கேள்வி கேட்கக் கால் பரபரத்தது. நல்ல வேளையாகப் போகவில்லை. வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது பற்றவைத்தது யார் என்று விசாரிக்கப் போகக் கூடாது, முதலில் தீயைப் பார்க்க வேண்டும். போனை அமர்த்தினேன்.

"மாத்த வேண்டாம்," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே, இது நடந்ததுன்னு அவ எழுதல. இப்படி நடந்துருமோன்னு பயந்து எழுதியிருக்கா. அங்கன அத்தன தூரத்துல ஒக்காந்துக்கிட்டு, எங்க அம்மா போனா யாரு வருவான்னு பயந்திருக்கா. நம்ம ஒரு பக்கத்த அடிச்சுட்டா அந்தப் பயம் போயிருமா? அது பொய்யின்னு ஆக்கணும்னா நீங்க வெளியிலதேன் ஆக்கணும். என் கையில பேனா மட்டுந்தேன் இருக்கு."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, இது சரியான முடிவா என்று எனக்கே அப்போது தெரியாது. அவர் கிளம்பிப் போயிருந்தால் ஒரு குடும்பத்தை நிரந்தரமாகப் பிரித்த பழி எனக்கு வந்திருக்கும். இந்த மாதிரி நேரத்தில் முடிவு சரியா என்று தெரிந்துகொண்டு யாரும் சொல்வதில்லை. எழுதியவள் பயத்தில் மாற்றுகிறாள், கேட்பவர் வருத்தத்தில் கேட்கிறார், அந்த நிலைமையில் எந்தப் பக்கத்தையும் மாற்றக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

தங்கவேல் எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "வெளியில எப்படித் தாயி பொய்யாக்குறது? நல்லாயிருக்கே நீங்க சொல்றது! அவ சாகட்டும் அப்ப. சாகட்டும், மொத ஆளா கோடியோட வந்து நிக்கிறேனா இல்லையான்னு ஊரே பார்க்கட்டும்!"

"ஏண்ணே, ஒரு சேலைக்கு நான் சாகணுமாக்கும்?"

உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஈஸ்வரி நின்றாள்.

தங்கைக்காரி இந்தியாவில் இருப்பதே அவருக்குத் தெரியாது. மகள் மட்டும் வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருக்கிறார். சாகட்டும் என்று கத்திய வாய் அப்படியே திறந்திருந்தது. கிரேஸ் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ரோட்டில் லாரிக்காரனுக்கே அலுத்துவிட்டது போல, ஹாரன் சத்தமும் நின்றுவிட்டது.

"எப்ப வந்த?"

"ஒரு வாரமா இங்கனதேன் கெடக்கேன்."

"இப்படி எளைச்சுப் போயிருக்க."

"ஒனக்கும் சேத்து நான் எளைச்சிட்டேன். நீதேன் தொந்தி போட்டிருக்கியே."

அவர் தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார். ஜீப் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. நித்யா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பினாள். எனக்கும் உயிரே போய்விட்டது. ஈஸ்வரி மட்டும் கிரேஸிடம் திரும்பி, "டீ இருக்கா?" என்றாள். அந்த நெஞ்சழுத்தம் எனக்குப் புரியவில்லை.

அச்சகத்துக்குப் போன் பண்ணி அடிக்கச் சொன்னேன். நாயின் பெயரைத் தவிர வேறெதுவும் மாறவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜீப் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஓரமாக நின்றது. படியேறி வந்தவர் கையில் ஜவுளிக்கடைப் பை ஒன்று, இன்னொரு கையில் பன்னீர் திராட்சை. வந்தவர் என்னிடம் மெதுவாக, "தாயி, தட்டு ஒன்னு இருக்குமா? வெறுங்கையில நீட்டக் கூடாது" என்றார். நம் ஆபீசில் தாம்பாளத்துக்கு எங்கே போவது? டீ கொண்டு வருகிற பிளாஸ்டிக் தட்டைக் கழுவிக் கொடுத்தேன். கிரேஸ் எதிர்க்கடைக்கு ஓடிப்போய் வெற்றிலை பாக்கும் பூவும் வாங்கி வந்தார். சேலையும் திராட்சையும் வெற்றிலையும் வைத்து, அந்தத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து அவர் தங்கைக்கு முன்னால் நின்றார்.

"பொங்கச் சீரு," என்றார். "வருசா வருசம் கொண்டு வராததெல்லாம் சேத்து வச்சுக்க."

பொங்கல் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஈஸ்வரி சேலையை விரித்துப் பார்த்தாள். "இது என்ன கலரு? பச்சையா, நீலமா?"

"கட்டுனா தெரியும்."

"அண்ணிய கூட்டிட்டுப் போயி எடுத்திருக்கலாம்ல?"

"அவளுக்குத் தெரிஞ்சா அவளும் அழுவா. ரெண்டு பேர் அழுகையை நான் தாங்க மாட்டேன்."

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். அந்தச் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு, நம் அக்கவுண்ட்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் யாருக்கும் அங்கே வேலை இல்லை. நித்யாவை இழுத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நம் ஆபீசில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான்.

விழாவுக்குத் தங்கவேல் குடும்பத்தோடு ஜீப் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையாக வேண்டியவர் தன் மனைவி பிள்ளைகளோடு வந்து நித்யாவிடம் ஆட்டோகிராஃப் வாங்கினார். முதல் பிரதியை மாமா வாங்க வேண்டும் என்று நித்யா சொல்லிவிட்டாள். மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னதும் அவருக்கு வியர்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுல வர்ற மாமன் வரல. நான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். புத்தக வெளியீட்டில் நான் கேட்ட விமர்சன உரைகளில் அதைவிடச் சிறப்பானதை இன்னும் கேட்கவில்லை. நம் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

விழா முடிந்த பிறகு கிரேஸைத் தனியாகக் கூப்பிட்டு, புரூஃபை வெளியே யார் கொடுத்தது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வாரம் எனக்கு டீ கிடைக்கவில்லை.

ஈஸ்வரி டொரண்டோவுக்குக் கிளம்புகிற அன்று ஆபீசுக்கு வந்தாள். அண்ணன் எடுத்துக் கொடுத்த சேலையைத்தான் கட்டியிருந்தாள். கட்டினாலும் பச்சையா நீலமா என்று தெரியவில்லை. நித்யா கீழே காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கிரேஸின் கோபத்தைப் பற்றிச் சொன்னதும் ஈஸ்வரி சிரித்துவிட்டாள்.

"அந்தப் புள்ளைய எதுக்குக்கா சந்தேகப்பட்டீக? நாந்தேன் குடுத்து விட்டேன். உள்ள ஒக்காந்திருந்தப்ப அது பிரிண்ட் எடுத்துப் போட்டதுல ஒரு செட்டை விழா நோட்டீசோட மடிச்சுப் பையில வச்சேன். உத்தமபாளையம் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து, அனுமந்தன்பட்டியில தங்கவேல்னு கேட்டுக் குடுத்துருங்கன்னேன்."

தபாலை நம்பாத இந்த ஊரில் எல்லாரும் பஸ்ஸில்தான் பார்சல் கொடுத்துவிடுகிறார்கள், அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

"அண்ணன் கோடி கொண்டு வரலேன்னு எழுதச் சொன்னதும் நாந்தேன். அவ மொதல்ல வர்ற மாதிரித்தேன் எழுதியிருந்தா. நீங்க சொல்லி மாத்துனான்னா நெனச்சீக?"

நான் ஆபீஸ் முழுக்க அடித்த பெருமையை நினைத்துக்கொண்டேன். புரூஃபை அனுப்பியது அம்மாதான் என்று நித்யாவும் பிறகு தெரிந்துகொண்டாள், அதனால்தான் உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேன். எழுத்தாளர் தேறிவிட்டார் என்றால் அது உங்களால்தான் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். வீட்டில் வேறு ஓர் எடிட்டர் இருக்கலாம்.

"கூப்பிட்டா வர மாட்டான்க்கா. அழுதாலும் வர மாட்டான். கோவம் வந்தா மட்டும் எங்கன இருந்தாலும் ஓடியாருவான், சின்னப் புள்ளையிலருந்தே அப்படித்தேன். அதான் அவனுக்குக் கோவம் வர்ற மாதிரி எழுதச் சொன்னேன்."

"அவர் வராமப் போயிருந்தா?" என்று கேட்டேன்.

கீழே நித்யா ஹாரன் அடித்தாள். ஈஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சிரிப்பு போயிருந்தது.

"அப்ப எம் மக எழுதுனது கதையில்லன்னு தெரிஞ்சுக்கிட்டு ப்ளேன் ஏறியிருப்பேன். தெரியாமச் சாகறதுக்கு அது தேவலக்கா."